கடந்து செல்லும் உரிமை: சில உடன்படிக்கைகளின் சொல்லும் பொருளும்

வானம் எல்லையற்றது என்பது கவிஞர் வாக்கு. வானத்துக்கும் எல்லைக்கல் உண்டு என்பது சட்டத்தின் வாக்கு. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோ நகரில் கையெழுத்தான சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கை, ஒவ்வொரு நாடும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான, பிறருக்குப் பங்கில்லாத இறைமை உடையது என்று தன் முதல் பிரிவிலேயே உரைக்கின்றது. மூன்றாம் பிரிவு அதனினும் கூர்மையானது. இராணுவம், சுங்கம், காவல் ஆகிய பணிகளில் உள்ள விமானங்களை அது அரசு விமானங்கள் என வகுக்கின்றது. இத்தகைய விமானம் எதுவும், சிறப்பு உடன்பாட்டினாலோ வேறு வகையிலோ பெற்ற இசைவின்றி, மற்றொரு நாட்டின் மேல் பறத்தலோ அதன் மண்ணில் இறங்குதலோ கூடாது என விலக்குகின்றது. பயணிகள் விமானத்துக்குத் திறந்திருக்கும் கதவு, படை விமானத்துக்குத் தட்டினால்தான் திறக்கும் என்பது இதன் சாரம்.

இந்தக் கதவு தட்டப்பட்ட வரலாறு, போருக்குப் பிந்திய ஆசியாவின் வரலாற்றில் ஒரு சிறிய இயல். ஆயினும் நம் மொழியில் அது மிகக் குறைவாகவே வாசிக்கப்பட்டிருக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது அம்பத்தூருக்கு வடக்கேயுள்ள புழல் ஏரியின் நீர்ப்பரப்பில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா மிதவை விமானங்கள் இறங்கி ஏறின. சோழவரத்தில் ஓடுதளம் அமைந்தது. ஆவடி படைக்கலக் கிடங்காயிற்று. அப்போது எவரும் எவரிடமும் இசைவு கேட்கவில்லை. ஆட்சி செய்தவரும் பறந்தவரும் ஒரே கூட்டத்தார். கேட்க வேண்டும் என்னும் கடமை, நாடுகள் விடுதலை பெற்ற பின்னரே பிறந்தது. ஆகவே, ஒரு புதிய நாடு உண்மையில் விடுதலை பெற்றதா என்பதைக் கொடியைக் கொண்டு அளப்பதைவிட, அதனிடம் எவ்வாறு கேட்கப்பட்டது, அது எவ்வாறு விடையளித்தது என்பதைக் கொண்டு அளப்பது நம்பகமானது.

இக்கட்டுரை அந்த வினாக்களையும் விடைகளையும் சொற்களாகவே கொண்டு ஆராய முற்படுகின்றது. நம் மத்ரஸாக்களில் ஹனஃபி உஸூல் நூல்களைப் பயின்றோர், ஒரு வாசகம் நான்கு வழிகளில் பொருள் தரும் என்பதை அறிவர். சொல் நேரே தருவது இபாரத்துன் நஸ். குறிப்பால் தருவது இஷாரத்துன் நஸ். காரண ஒப்புமையால் பிறிதொன்றுக்கும் விரிவது தலாலத்துன் நஸ். சொல் நிலைபெறுவதற்காக முன்னதாகவே ஒப்புக்கொள்ளப்பட வேண்டியது இக்திளாஉன் நஸ். இறைவாக்கை ஆராய வகுத்த கருவிகளை மனிதர் எழுதிய இராஜதந்திரக் குறிப்புகளுக்குப் பயன்படுத்துவது, அவற்றை உயர்த்துவதற்கன்று. கவனமாக எழுதப்பட்ட வாசகத்தைக் கவனமாகவே வாசிக்க வேண்டும் என்பதற்காகவே.

முதலில் இலங்கையை நோக்குவோம். 1947 நவம்பர் 11 அன்று, விடுதலைக்கு மூன்று மாதங்கள் முன்னதாக, பிரிட்டனின் சார்பில் ஆளுநர் சர் ஹென்றி மொங்க்-மேசன் மூரும் இலங்கையின் சார்பில் டி.எஸ். சேனாநாயக்காவும் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதன் முதல் பிரிவு, இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று இராணுவ உதவி செய்யும் என்கின்றது. தங்கள் நிலத்தின் பாதுகாப்பு, வெளித்தாக்குதலிலிருந்து காப்பு, இன்றியமையாத போக்குவரத்துத் தொடர்புகளின் காப்பு ஆகியவை நோக்கங்கள். இவற்றுக்கு வேண்டிய கடற்படை, விமானப்படை, தரைப்படைகளைப் பரஸ்பரம் இசைந்தவாறு பிரிட்டன் இலங்கையில் நிறுத்தலாம். இரண்டாம் பிரிவு தளங்களையும் துறைமுகங்களையும் தொலைத்தொடர்பு வசதிகளையும் பயன்படுத்தத் தருகின்றது.

சொல்லின் நேர்ப்பொருளில் குறையில்லை. ‘பரஸ்பரம் இசைந்தவாறு’ என்னும் தொடர் மீண்டும் வருவது, சிறிய நாட்டின் மானத்துக்கு அணியாகவே தோன்றுகின்றது. குறிப்புப்பொருளோ வேறு. ‘இன்றியமையாத தொடர்புகள்’ யாருக்கு இன்றியமையாதவை? சூயஸிலிருந்து சிங்கப்பூர் வரை நீண்ட பாதை இலங்கையினரின் அன்றாடத் தேவைக்காக அமைந்ததன்று. முன்னதாகவே ஒப்புக்கொள்ளப்பட வேண்டியது எதுவெனப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இந்த வாசகம் நிலைபெற வேண்டுமாயின், பிரிட்டனின் பகைவர் இலங்கைக்கும் பகைவர் என்பது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாமலேயே அது அங்கு உள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த உடன்படிக்கைக்கு முடிவு நாள் இல்லை. சவூதி அரேபியாவின் தஹ்ரான் விமானத்தளத்தை அமெரிக்கா பயன்படுத்த 1951 ஜூன் 18 அன்று ஏற்பட்ட உடன்பாட்டை இதனோடு ஒப்பிடலாம். அது ஐந்தாண்டுக் கால வரையறை உடையது. 1957இல் புதுப்பிக்கப்பட்டது, 1962இல் முடிவுக்கு வந்தது. கால வரையறை என்பது, கேட்டவர் மீண்டும் வந்து கேட்க வேண்டும் என்பதாகும். முடிவு நாள் இல்லாத இசைவோ ஒரே முறை கேட்கப்பட்டு, பின்னர் என்றும் கேட்கப்படாமல் நிற்பது.

இந்த வேறுபாட்டின் விலை 1954 ஏப்ரலில் வெளிப்பட்டது. வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் சிக்கியிருந்தது. பிரான்சிலிருந்து துணைப்படையினரை ஏற்றிய அமெரிக்கக் குளோப்மாஸ்டர் விமானங்கள் கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டியிருந்தது. இந்தியா தன் வான்வழியே செல்ல இசையவில்லை. அந்நியப் படையினர் இந்தியா வழியாகவோ அதன் மீதாகவோ செல்லலாகாது என்பது நேரு அரசின் கொள்கை. விமானங்கள் இந்தியாவைச் சுற்றிச் சென்று இலங்கையின் கட்டுநாயக்கா தளத்தில் இறங்கின. பிரதமர் சர் ஜோன் கொத்தலாவல அதற்கு இசைவளித்தார். விமானம் அமெரிக்காவுடையது, வீரர் பிரான்சினர், தளத்தில் இருந்தது பிரிட்டன், போர்க்களம் வியட்நாம். 1947இன் உடன்படிக்கையில் இவற்றுள் மூன்றுக்குப் பெயரளவிலும் இடமில்லை. தளத்தின் கதவு ஒரு நண்பருக்காகத் திறந்துவைக்கப்பட்டால், நண்பரின் நண்பரும் அவ்வழியே நுழைவர் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே ஏப்ரல் 28 அன்று இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடி இந்தோசீனாவில் போர்நிறுத்தம் வேண்டும் என்று பேசினர். மாநாட்டை அழைத்தவர் கொத்தலாவலதான். அவரது நேர்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை. கம்யூனிஸ எதிர்ப்பை அவர் ஒருநாளும் மறைத்தவரல்லர். ஆனால் ஓடுதளம் ஒரு கருத்தைப் பேச, மாநாட்டு மண்டபம் மற்றொன்றைப் பேசியது என்பது வரலாறு.

இங்கு ஒரு தடையுரையைச் செவிமடுக்க வேண்டும். இந்தியா மறுத்ததால் என்ன பயன் விளைந்தது? விமானங்கள் நீண்ட வழியில் சென்றன, சென்று சேர்ந்தன. மே 7 அன்று தியன் பியன் பூ வீழ்ந்தது இந்தியாவின் மறுப்பாலன்று. ஆகவே மறுப்பு வெறும் சடங்கு என்பர் சிலர். இவ்வாதம் விளைவை மட்டும் எடையிடுகின்றது, பங்கை எடையிடுவதில்லை. தீமையை முற்றிலும் தடுக்க இயலாதவனுக்கும், அதில் தன் கையை நுழைக்காமல் இருக்கும் பொறுப்பு உண்டு. இன்னொன்றும் உண்டு. மறுக்கும் அரசு, மறுப்பதற்காகவேனும், ‘இவ்விமானத்தில் என்ன உள்ளது?’ என்று கேட்டாக வேண்டும். கேட்கும் பழக்கமே இறைமையின் உயிர்.

1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா தளங்களைத் திரும்பப் பெற்றார். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 அக்டோபர் 15 அன்றும், கட்டுநாயக்கா விமானத்தளம் நவம்பர் 1 அன்றும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. பகைமையின்றி, பேச்சுவார்த்தையாலேயே இது நடந்தேறியது அக்காலத்தின் பெரும் சாதனை. ஆனால் ஓடுதளம் சொந்தமாகிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு அதே கட்டுநாயக்கா மற்றொரு பாடத்தை வைத்திருந்தது.

1971 ஜனவரி 30 அன்று இந்தியாவின் ‘கங்கா’ விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, பின்னர் அங்கே எரிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பிப்ரவரி 4 அன்று பாகிஸ்தான் விமானங்கள் தன் மேல் பறப்பதை இந்தியா தடைசெய்தது. பாகிஸ்தான் இதனைச் சர்வதேச அமைப்பிடம் முறையிட்டது; 1971 ஆகஸ்டில் ஹேக் நீதிமன்றம் வரை வழக்கு சென்றது. இதற்கிடையே கராச்சிக்கும் டாக்காவுக்கும் இடையிலான விமானங்கள் ஏறத்தாழ இருமடங்கு தொலைவைச் சுற்றி, கொழும்பில் எரிபொருள் நிரப்பிச் சென்றன. மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவம் தன் சொந்தக் குடிமக்கள் மீது பாய்ந்த பின்னரும் அவ்வழி மூடப்படவில்லை. அவ்விமானங்களில் படையினர் சென்றனர் என்னும் குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அன்றைய இலங்கைக்கும் தன் நெருக்கடி இருந்தது. ஏப்ரலில் அங்கே வெடித்த இளைஞர் கிளர்ச்சியை அடக்க இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே ஹெலிகாப்டர்கள் அனுப்பி உதவின. உதவியவரிடம் ‘உள்ளே என்ன?’ என்று கேட்பது எளிதன்று.

இந்த இடத்தில் நம் வாசகர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்வது கடமை. படை விமானங்களுக்கு வழிவிடுதல் பற்றி நாம் பேசும்போது, நம் நினைவு விரைந்து செல்வது வளைகுடாப் போருக்கே. வங்காளத்தில் கொல்லப்பட்டோரும் பெரும்பாலும் முஸ்லிம்களே. கொன்றவரும் முஸ்லிம் நாட்டின் படையினரே. விமானத்தின் வாலில் வரையப்பட்டிருக்கும் சின்னத்தைப் பார்த்து நம் வினா கூர்மையாவதும் மழுங்குவதும் உண்டாயின், அது அறத்தின் வினாவாகாது. கட்சியின் வினாவே ஆகும். 1954இன் கட்டுநாயக்காவைக் கண்டிப்பவர் 1971இன் கட்டுநாயக்காவையும் அதே நிறுவையில் நிறுத்த வேண்டும்.

தளத்தை இழந்த பிரிட்டன் எங்குச் சென்றது என்று பார்த்தால், இந்தச் சொல்லாடலின் மனித விலை புலப்படும். இலங்கைக்குத் தென்மேற்கே, மாலத்தீவின் தென்கோடியான அத்துத் தீவுக்கூட்டத்திலுள்ள கன் தீவுக்கே அது சென்றது. 1887 முதல் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த நாடு அது. 1956இல் எட்டப்பட்ட உடன்பாடு, ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்கு 100 ஆண்டுக் குத்தகை என்றது. அடுத்த ஆண்டு பிரதமரான இப்ராஹீம் நாஸிர் அதனை மறுபரிசீலனை செய்யக் கோரினார். 1960 பிப்ரவரி 14 அன்று புதிய உடன்பாடு ஏற்பட்டது. காலம் 30 ஆண்டாகக் குறைந்தது. ஒரு லட்சம் பவுண்டு கொடையும், வளர்ச்சிப் பணிகளுக்கு ஐந்தாண்டில் ஏழரை லட்சம் பவுண்டும் தரப்படும் என்றாயிற்று. மீண்டும் கேட்கவைத்ததால் ஒரு சிறு நாடு அடைந்த ஆதாயம் இது. எனினும் கன் தீவின் மக்கள் அண்டைத் தீவான ஃபேதூவுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுக்கு இடமளிக்க ஃபேதூ மக்கள் மரதூவுக்கு நகர்த்தப்பட்டனர். தளத்தின் வேலையும் கூலியும் ஒருபுறம், மாலேயின் அதிகாரம் மறுபுறமாக இழுத்ததில், 1959இல் தென் தீவுகள் சுவாதீவ் குடியரசு என்னும் பெயரில் பிரிந்து நின்றன. அப்பிரிவினை 1963இல் முடிந்தது. பிரிட்டிஷ் விமானப்படை 1976 மார்ச்சில் கன் தீவை விட்டுச் சென்றது. குத்தகைப் பத்திரம் பவுண்டுகளை எண்ணியது. தம் வீட்டையும் தென்னையையும் விட்டு வள்ளமேறியவர்களை எண்ணவில்லை.

இந்தியாவின் பக்கமும் ஏடு தூயதன்று. 1954இல் மறுத்த அதே நேரு, சீனப் போரின் நெருக்கடியில், 1962 நவம்பரில் அமெரிக்காவின் யு-2 உளவு விமானங்கள் எல்லைப் பகுதிகளின் மேல் பறக்க இசைந்தார். ஒடிசாவின் சர்பாத்தியா தளம் அதற்கெனத் தரப்பட்டு, 1964இல் அங்கிருந்து பறத்தல் நிகழ்ந்தது. இவற்றின் விவரம் அமெரிக்க உளவு நிறுவனத்தின் வரலாற்று ஆவணம் 2013இல் வெளியான பின்னரே பொதுமக்களுக்குத் தெளிவாயிற்று. நாட்டுக் காப்புக்காகச் சிலவற்றை மறைப்பது அரசின் உரிமை எனலாம். அரை நூற்றாண்டு மறைப்பதற்கும் அதே நியாயம் பொருந்துமா என்பதே வினா.

இனி நம் நகரத்துக்கு வருவோம். 1991 ஜனவரியில், சந்திரசேகர் பிரதமராயிருந்த காலத்தில், பிலிப்பைன்ஸ் தளங்களிலிருந்து வளைகுடா சென்ற அமெரிக்கப் படைப் போக்குவரத்து விமானங்கள் பம்பாய், ஆக்ரா, சென்னை ஆகிய இடங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள இசைவு தரப்பட்டது. ஜனவரி 17 அன்று பாக்தாத் மீது குண்டுவீச்சு தொடங்கியது. இசைவு பற்றிய செய்தி வெளிவந்ததும் எதிர்ப்பு எழுந்தது. வெளியிலிருந்து அரசைத் தாங்கிய காங்கிரஸின் தலைவர் ராஜீவ் காந்தியும் கண்டித்தார். பிப்ரவரியில் இசைவு நிறுத்தப்பட்டது. மார்ச் 6 அன்று சந்திரசேகர் பதவி விலகியது வேறு காரணத்தைச் சொல்லியெனினும், கூட்டு முறிவின் விரிசல்களுள் இதுவும் ஒன்று.

அன்றைய விளக்கங்களில் இரு சொற்கள் முன்னின்றன. ஒன்று, இது ‘வழக்கமான’ இசைவு என்பது. மற்றொன்று, விமானங்களில் ‘உயிர்க்கொல்லிப் பொருள் இல்லை’ என்பது. வழக்கம் என்னும் சொல் ஒரு செயலை வினாவுக்கு அப்பால் நகர்த்துகின்றது. ஆனால் அமைதிக் காலத்தில் வழக்கமாயிருந்தது போர்க்காலத்தில் அதே செயலாக இருப்பதில்லை. காரணம் மாறினால் விதியும் மாறும் என்பது ஃபிக்ஹின் பாலபாடம். உயிர்க்கொல்லிப் பொருள் இல்லை என்பதும் அவ்வாறே. போருக்குச் செல்லும் படைக்கு உணவும் போர்வையும் உதிரிப்பாகமும் ஏற்றிச் செல்லும் விமானம், குண்டை ஏற்றவில்லை என்பது உண்மையாகலாம். போரை ஏற்றவில்லை என்பது உண்மையாகாது.

இசைவு தந்தோர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை மறைத்தல் தகாது. குவைத்தை ஆக்கிரமித்தவர் சதாம் ஹுசைன். போருக்கு ஐ.நா. பாதுகாப்பு அவையின் 678ஆம் தீர்மானம் இருந்தது. அந்நியச் செலாவணி வற்றிய இந்தியா அதே ஜனவரியில் சர்வதேச நிதியத்திடம் ஏறத்தாழ 180 கோடி டாலர் கடன் பெற்றது. ஒரு நலிந்த அரசு வல்லரசின் வேண்டுகோளை மறுப்பது அரிதே. ஆயின் இக்காரணங்களை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்திருக்கலாம். மக்கள் அவற்றை ஏற்றிருக்கவும் கூடும். சொல்லாமல் செய்ததே குற்றம். தமிழகத்தில் இது மேலும் மங்கலாகவே பதிவாயிற்று. அந்த ஜனவரி 30 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது, மாநிலத்தின் கவனம் அங்கே குவிந்ததில் வியப்பில்லை. தன் நகரத்தின் ஓடுதளம் ஒரு போரின் பாதையில் ஒரு படியாயிருந்தது என்பது சென்னைவாசியின் நினைவில் இன்றும் தங்கவில்லை.

கேட்காமல் விடுவதன் கடைசி எல்லையைக் காண, கன் தீவுக்கும் தெற்கே உள்ள டீகோ கார்சியாவை நோக்க வேண்டும். 1966இல் பிரிட்டன் அமெரிக்காவுக்குப் படைத்தேவைக்காகத் தந்த தீவு அது. அதன் மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். கைதிகளை இரகசியமாக நாடு கடத்திச் செல்லும் விமானங்கள் அங்கு இறங்கவில்லை என்று பிரிட்டிஷ் அரசு தன் நாடாளுமன்றத்துக்கு உறுதி கூறிவந்தது. 2008 பிப்ரவரி 21 அன்று வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் மன்னிப்புக் கோரினார். 2002இல் அவ்வாறான இரு விமானங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கைதியுடன், அங்கு எரிபொருள் நிரப்பிச் சென்றன என்பதை அமெரிக்காவே பின்னர் தெரிவித்திருந்தது. நிலத்துக்கு உரியவருக்கே தம் நிலத்தில் நடந்தது தெரியவில்லை.

இதற்கு எதிர்முனையில் துருக்கியின் நிகழ்வு நிற்கின்றது. 2003 மார்ச் 1 அன்று, அமெரிக்கப் படைகள் தன் மண்ணிலிருந்து இராக்குக்குள் செல்ல இசைவளிக்கும் தீர்மானம் துருக்கி நாடாளுமன்றத்தில் 264 ஆதரவும் 250 எதிர்ப்பும் பெற்றது. 19 பேர் வாக்களிக்கவில்லை. ஆதரவு மிகுந்தும், அவையில் இருந்தோரில் பெரும்பான்மை கிட்டாததால் தீர்மானம் தோற்றது. மார்ச் 20 அன்று வான்வழிக்கு மட்டும் இசைவு தரப்பட்டது. அந்த இரண்டாம் முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். இரண்டுமே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை என்பதை மறுக்க இயலாது.

எடுத்துச் செல்லப்படுவது யாது என்னும் வினா நம் மரபுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 189இல் மறைந்த இமாம் முஹம்மது இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ, நாடுகளுக்கிடையிலான உறவுகளை ‘ஸியர்’ என்னும் தனித்துறையாக வகுத்தார். அமான் பெற்று வரும் அந்நிய வணிகருக்கு அவர் பெருந்தாராளம் காட்டுகின்றார். உயிரும் பொருளும் காக்கப்பட வேண்டும் என்கின்றார். ஆனால் அவர் திரும்பும்போது போர்க்கருவிகளை இங்கு வாங்கிக்கொண்டு செல்ல இசைவதில்லை. வழிவிடுதல் ஒன்று, வழியில் செல்வது மற்றொன்று எனப் பிரித்தறிந்த சட்ட அறிவு அது.

2016 ஆகஸ்ட் 29 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் இராணுவத் தளவாடப் பரிமாற்ற உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இதனால் தளம் அமைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கூட்டுப் பயிற்சி, துறைமுக வருகை, பேரிடர் உதவி போன்றவை தவிர்த்த பிற வேண்டுகோள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்படும் என்று அரசு விளக்கியது. 1947இன் இலங்கை வாசகத்தோடு ஒப்பிட்டால் இது காவலுடைய வாசகம் என்பதை ஏற்கலாம். கேட்கும் உரிமை இதில் காக்கப்பட்டுள்ளது. ஆனால் தனித்தனியே ஆராய்பவர் யார், ஆராய்ந்த முடிவு மக்களுக்கு எப்போது தெரியும் என்பவற்றுக்கு விடை வாசகத்துக்கு வெளியே உள்ளது. 1991இல் நிகழ்ந்ததும் ஒரு ‘தனி’ முடிவே.

ஆகவே, இத்தகைய உடன்பாடு எதனையும் மூன்று வினாக்களால் சோதிக்கலாம். இதற்கு முடிவு நாள் உண்டா? விமானத்தில் இருப்பதும் அது செல்லுமிடமும் யாதெனக் கேட்கும் உரிமை இடமளிப்பவருக்கு உண்டா? தந்த இசைவு மக்கள் மன்றத்துக்குச் சொல்லப்படுமா? 1947இன் உடன்படிக்கை முதல் வினாவிலேயே தோற்றது. டீகோ கார்சியா இரண்டாவதிலும், 1991இன் சென்னை மூன்றாவதிலும் தோற்றன. இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைத்த பின்னரே, வழிவிடலாமா கூடாதா என்னும் வாதம் பொருளுடையதாகும். அதுவரை நாம் வழங்குவது இசைவன்று; பாராமுகம்.